மைக்கேல்ராஜ் கொடுத்த குதிரை

விவேக் நகர் மைக்கேல்ராஜுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் பார்வை போய்விட்டது. எங்கள் வங்கிக் கிளையில் டெலிபோன் ஆபரேட்டர். நான் அங்கே காசாளர். அவர் சதுரங்கம் ஆடுவார் என்று தெரியும். எப்படி ஆடுவார் என்பதை 1996-ல், வங்கிகளுக்கிடையே நடந்த போட்டியின் கடைசிச் சுற்றில்தான் பார்த்தேன்.

அவருக்குத் தனிப் பலகை. கட்டங்களில் துளை, காய்களின் அடியில் முளை. கறுப்புக் காய்களின் தலையில் மட்டும் சின்னதாய் ஒரு ஊசிமுனை. விரலால் தடவிப் பார்த்துவிட்டு நகர்வை வாய்விட்டுச் சொல்வார். எதிராளி தன் பலகையில் ஆடிவிட்டுத் திருப்பிச் சொல்வார்.

சதுரங்கப் புத்தகங்களை அவருக்குப் படித்துக் காட்டுவது மனைவி சாந்தகுமாரி. அந்த அம்மாவுக்கு ஆட்டம் தெரியாது. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதே எழுத்தும் எண்ணுமாக வாசிப்பார். "இதுக்கு ஆச்சரியக்குறி போட்டிருக்குதுங்க" என்றால் நல்ல நகர்வு என்று பொருள். மைக்கேல்ராஜ் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார். "ஏன் நல்லதுன்னு எழுதலையா? சரி, நானே பாக்குறேன்" என்று பலகையை மடியில் இழுத்துக்கொள்வார்.

அவருக்குப் பிடித்தது கிங்ஸ் கேம்பிட். இரண்டாவது நகர்விலேயே ஒரு சிப்பாயைப் பலி கொடுத்து, எதிரி ராஜா மேல் பாயும் ஆரம்பம். கொஞ்சம் பிசகினால் மீளமுடியாது.

அன்று எதிரே உட்கார்ந்தவர் ஸ்ரீகண்டன். வேறொரு வங்கியின் அதிகாரி, மாநில அளவில் ஆடியவர். மைக்கேல்ராஜ் சிப்பாயைக் கொடுத்தார். சற்று நேரத்தில் குதிரையையும் கொடுத்தார். பிறகு இன்னொரு சிப்பாய். ஸ்ரீகண்டன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

இப்போது குறுக்கே பாயும் மந்திரியையும் வெட்டுக்கொடுத்துச் செக் வைக்கலாம். சுற்றி நின்ற நாங்கள் அதற்குத்தான் காத்திருந்தோம். "செக்தான் குரு, வேற இன்னா?" என்று எங்கள் மேனேஜர் கோவிந்தப்பா என் காதில் சொன்னார்.

மைக்கேல்ராஜின் விரல்கள் மந்திரியைத் தொட்டன. அப்படியே கீழே இறங்கி, இன்னும் நகராமல் கிடந்த காய்களை ஒவ்வொன்றாகத் தடவின.

"டேவிட் மூணு."

எழுத்துகள் குழம்பாமலிருக்க, டி வரிசையை டேவிட் என்பது பார்வையற்ற ஆட்டக்காரர்களின் வழக்கம். ஒரு சிப்பாய், ஒரே ஒரு கட்டம். எனக்குச் சப்பென்று போயிற்று. குதிரையைக் கொடுத்தவர் செய்கிற வேலையா இது?

பிறகுதான் புரிந்தது. சிப்பாய் விட்ட வழியில் இன்னொரு மந்திரி வெளியே வந்தது. மிச்சமிருந்த குதிரை வந்தது. யானைகள் இரண்டும் திறந்த பாதைகளைப் பிடித்தன. ஸ்ரீகண்டனிடம் காய்கள் அதிகம். ஆனால் பாதி இடத்தைவிட்டு அசையவில்லை. மைக்கேல்ராஜின் வெள்ளைக் குதிரை பலகையின் நடுவே குதித்ததும் அவர் பயந்து, காஸ்லிங் செய்து, அதாவது யானையோடு இடம் மாற்றி, ராஜாவை ஓரத்தில் ஒதுக்கினார். அங்கேதான் எல்லாம் திறந்து கிடந்தது. கொஞ்ச நேரத்தில், "ரிசைன் பண்றேன் சார்" என்று மைக்கேல்ராஜின் கையைப் பிடித்தார்.

"அந்த செக்கை ஏன் விட்டீங்க?" என்று கேட்டார் ஸ்ரீகண்டன்.

"என் ஆளுங்க பாதிப்பேரு எழுந்திருக்கவே இல்லையே சார். அந்த மந்திரி தனியா போய் சண்டை போட்டு இன்னா பண்றது?" என்றவர், தானாகவே சொன்னார்: "நீங்க காஸ்லிங் பண்ணாம, ராணி முதல்ல இருந்த எடத்துக்கு ராஜாவை ஒரு கட்டம் தள்ளியிருந்தா நான் மாட்டியிருப்பேன்."

"அது தெரிஞ்சுமா குதிரையை அங்க வெச்சீங்க?"

"அதைவிட நல்லது கெடைக்கலை. பயந்துகிட்டேதான் உக்காந்திருந்தேன். சட்டையெல்லாம் நனைஞ்சிடுச்சு. அடுக்குங்க, அதையும் ஆடிப் பாத்துடலாம்."

மேடையில் பரிசு வாங்க அழைத்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் நகரவில்லை. இம்முறை ஸ்ரீகண்டன் ராஜாவைத் தள்ளினார். மைக்கேல்ராஜ் சொன்னபடியே அவருடைய தாக்குதல் மெல்ல ஓய்ந்தது. தன்னை வெல்லும் வழியை எதிராளிக்கே காட்டிவிட்டு அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

சாந்தகுமாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "ஏங்க, ஜெயிச்சீங்களா?"

"ஒண்ணு ஜெயிச்சேன், ஒண்ணு தோத்தேன்" என்றார் மைக்கேல்ராஜ்.