அடாப்டரில் பூசிய எண்ணெய்

இதை எழுத மூன்று முறை நோட்டு எடுத்து உட்கார்ந்தேன். மூன்று முறையும் தாளின் தலைப்பில் சிலுவைக் குறி போட்டதோடு மூடி வைத்துவிட்டேன். நான் எட்டாவது வரை படித்தவள். எழுத்துப் பிழை வருமே என்று பயந்துதான் தள்ளிப்போடுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மை இல்லை. சபையில் எல்லார் முன்னும் எழுந்து நின்று ஒன்றைச் சொன்னேன். அது அப்படி நடக்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் சொன்ன பொய் எனக்குப் பெருமையாகப் போனது. அதன் பாரத்தைச் சுமந்தது என் மகள். அவளுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஆம்பூரில் என் வீட்டுக்காரர் தோல் தொழிற்சாலையில் வேலை செய்தார். நான் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருக்கிறேன். எங்களுக்கு ஒரே பெண். கொரோனா வந்து பள்ளிக்கூடம் மூடியபோது அவள் ஒன்பதாவது. அவர் கம்பெனி ஆபீசில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி, சைக்கிள் கேரியரில் கட்டி, தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். அந்தக் கம்ப்யூட்டருக்குத் தானாக வைஃபை பிடிக்கத் தெரியாது. அதற்கு ஒரு சின்ன அடாப்டர் வாங்கிச் சொருக வேண்டும் என்று மாடி வீட்டு பாபி சொன்னாள். பாபி என்றால் உருதுவில் அண்ணி; எங்கள் வீட்டுச் சொந்தக்காரரின் மருமகளை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். என்னைவிட வயதில் சின்னவள். கம்ப்யூட்டர் படித்தவள். மேலே இருக்கும் வைஃபையின் பாஸ்வேர்டையும் அவளே கொடுத்தாள்.

அடாப்டர் கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. சொருகினால் ஓரத்தில் நீல விளக்கு ஒன்று மினுக்கும். அது எரிந்தால் நெட் இருக்கிறது என்று அர்த்தம். எனக்குக் கம்ப்யூட்டரில் தெரிந்தது அவ்வளவுதான்.

இரண்டாவது வருஷம் அவருக்கு மூச்சுத் திணறி, வேலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். எனக்கும் மகளுக்கும் லேசான காய்ச்சல். யாரும் வெளியே போகாதபடி எங்கள் வாசலில் தகரம் அடித்துவிட்டார்கள். எங்களிடம் இருந்த ஒரே பெரிய போன் அவரோடு போய்விட்டது. ஆக்சிஜன் மாஸ்க் போட்ட பிறகு அவரால் அதைப் பிடித்துப் பேச முடியவில்லை. அணைத்து, அவர் துணிப் பையில் வைத்துவிட்டதாகச் சொன்னார்கள். என்னிடம் பட்டன் போன்தான் இருந்தது.

அந்த வார்டில் ஒரு நர்ஸம்மா இருந்தார். அவர் முகத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. தினம் நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரை ஒரு டேப்லெட்டைக் கட்டில் கட்டிலாக எடுத்துப்போய், நோயாளிகளை வீட்டு ஆட்களோடு பேச வைப்பார். மகளின் மெயிலுக்கு ஒரு லிங்க் வரும். நாங்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்வோம். என் வீட்டுக்காரர் பேச மாட்டார், மாஸ்க். கையைத் தூக்குவார். மகள் அன்று என்ன படித்தாள் என்று ஒப்பிப்பாள். அவர் தலையை ஆட்டுவார். மூன்று நாள் அப்படிப் பார்த்தோம்.

அந்த மூன்று நாளும் மகள் குளிக்கப் போகும் நேரம் பார்த்து நான் ஒன்று செய்தேன். எங்கள் சபையில் நோயாளிக்கு ஜெப எண்ணெய் பூசுவது வழக்கம். அவர் நெற்றியைத் தொட எனக்கு வழி இல்லை. அவரை என் கண்ணுக்குக் கொண்டுவருவது அந்த அடாப்டர்தான் என்று எனக்குள் பட்டது. விரலில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு அதன் முதுகில் சிலுவைக் குறி போட்டு ஜெபம் செய்வேன். மூன்றாம் நாள் படம் நடுவில் நின்று நின்று வந்தது. அவர் கை பாதி தூக்கியபடியே உறைந்துபோனது. அதனால் நாலாம் நாள் அடாப்டரை வெளியே உருவி, இரண்டு பக்கமும், சொருகுகிற இரும்பு வாயிலும்கூட, ஜாஸ்தியாகவே பூசினேன். திரும்பச் சொருகினேன். கர்த்தரே, இன்று படம் நிற்காமல் வரட்டும் என்று கேட்டேன்.

மூன்றரைக்கு மகள் உட்கார்ந்தாள்.

"லைட்டு விட்டு விட்டு எரியுதும்மா" என்றாள்.

"நேத்தும் அப்படித்தானே?"

"இல்லம்மா, இது வேற மாதிரி. இரு, நான் இதை எடுத்துட்டுத் திரும்பப் போடறேன். தானா வந்துடும்."

அவள் கம்ப்யூட்டரில் என்னவோ அமுக்கினாள். அடாப்டரைக் கம்ப்யூட்டரின் கணக்கிலிருந்து நீக்கும் அதற்கு 'அன்இன்ஸ்டால்' என்று பெயர் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். நீல விளக்கு அணைந்தது. உருவிச் சொருகினாள். எரியவில்லை. இன்னொரு முறை சொருகினாள். அப்போதும் எரியவில்லை.

நான் படிக்கட்டுப் பக்கம் போய்க் கத்தினேன். எங்கள் வீட்டுக்கும் மாடிக்கும் நடுவில் படியில் இரும்புக் கேட் உண்டு. பாபி துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். அங்கிருந்தே மகளுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"டிவைஸ் மேனேஜர் போனியாம்மா? நெட்வொர்க் அடாப்டர்ல இன்னா காட்டுது?"

"அதுல பேரே இல்ல ஆன்ட்டி. கீழ தெரியாத டிவைஸ்னு மஞ்சள் முக்கோணம் போட்டு வருது."

"முன்னாடி ஓட்டையில வேணாம், பின்னாடி சொருகு."

"பின்னாடியும் அதேதான் ஆன்ட்டி."

"சரி, ரீஸ்டார்ட் பண்ணு."

அது அணைந்து மறுபடி எழ எத்தனை நேரம் எடுக்கும் என்று எங்களுக்குத் தெரியும். நான் மேஜைக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு ஜெபம் செய்தேன். மகள், "அம்மா, தள்ளி முட்டி போடும்மா, ஒயர் மேல இருக்க" என்றாள்.

பாபி மேலிருந்து, "எழுந்திருச்சா இல்லையா? எழுந்திருக்கறதுல எங்க மாமியாரே பரவால்ல போலருக்கே!" என்றாள். அந்த நேரத்திலும் மகள் சிரித்துவிட்டாள். அவள் அப்பா உயிரோடு இருந்தபோது அவள் சிரித்த கடைசிச் சிரிப்பு அது. நான் அவளை முறைத்தேன்.

நாலு மணி பத்து நிமிஷம் ஆனது. பாபி சொன்னாள்: "அக்கா, பேஜார் வேணாம். என் போனைப் பையில போட்டு ஜன்னல் வழியா இறக்கறேன். அதுல பேசுங்க."

நான் வேண்டாம் என்றேன். "உன் வீட்டுல கைக்குழந்தை இருக்கு பாபி. எங்க கை பட்ட போனைத் திரும்ப எப்படி வாங்குவ? ஜெபம் பண்ணிட்டிருக்கேன், வந்துடும்."

குழந்தையை நினைத்தது உண்மை. ஆனால் அது மட்டும் இல்லை. எண்ணெய் பூசிக் கேட்டிருக்கிறேனே, இதே விளக்கு எரிய வேண்டும் என்ற பிடிவாதமும் இருந்தது.

நாலு நாற்பதுக்கு நானே, "இறக்கு பாபி" என்றேன். பால் வாங்கும் பையில் போன் கயிற்றில் இறங்கியது. மகள் தன் மெயிலைத் திறக்கப் பார்த்தாள். புது போன் என்பதால், நீங்கள்தானா என்று கேட்டு ஒரு நம்பர் அனுப்பியது. அனுப்பியது அவள் அப்பாவின் போனுக்கு. அது வேலூரில், துணிப் பைக்குள், அணைந்து கிடந்தது.

பட்டன் போனில் வார்டுக்கு அடித்துப் பார்த்தேன். யாரும் எடுக்கவில்லை.

மகள் அடாப்டரை மறுபடி உருவினாள். "வழவழன்னு இருக்கே. என் கை வேர்வைம்மா" என்று சொல்லி, துப்பட்டா முனையால் அதையும் சொருகுகிற வாயையும் அழுத்தித் துடைத்தாள். சொருகினாள். நீல விளக்கு எரிந்தது. சுவர்க் கடிகாரம் ஐந்து மணி ஏழு நிமிஷம் காட்டியது. லிங்க்கைத் திறந்தால், எதிர்ப்பக்கம் யாரும் இல்லை என்று வந்தது. எங்கள் முகம் மட்டும் திரையில் தெரிந்தது.

வழவழவென்று இருக்கிறது என்று அவள் சொன்னபோதே அது நான் பூசிய எண்ணெய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

ஆறு மணிக்கு நர்ஸம்மாவே கூப்பிட்டார். "மூணு தடவை அவர்கிட்ட எடுத்துட்டுப் போனேம்மா. ஒவ்வொரு தடவையும் முடியைக் கையால ஒதுக்கிக்கிட்டாரு. நாளைக்கு உங்களைத்தான் முதல்ல போடறேன்" என்றார். மறுநாள் காலை பத்து மணிக்கு வேறொரு குரல் கூப்பிட்டது. அவர் போய்விட்டார். வாசல் தகரத்தை எடுக்க இன்னும் ஐந்து நாள் இருந்தது. அடக்கத்தை நாங்கள் பார்க்கவில்லை.

பேரணாம்பட்டில் இருக்கும் அவருடைய அக்கா, என் அண்ணி, போனில் கதறினார். "கடைசியா பேசினியாம்மா நீ? தம்பி இன்னா சொன்னான்?"

அந்த அழுகைக்கு முன்னால் என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. "பேசினேன் அண்ணி. பொண்ணைப் பாத்துக்கோன்னாரு" என்றேன். மகள் பக்கத்தில்தான் இருந்தாள். என்னைப் பார்த்தாள்.

தகரம் எடுத்த பிறகு பாபி கீழே வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, சொருகுகிற ஓட்டைகளைத் துடைத்தாள். பஞ்சு மஞ்சளாக வந்தது. மகள் கடைக்குப் போயிருந்தாள். "அக்கா, இதுல எண்ணெய் எப்படி வந்துச்சு?" என்று மெல்லக் கேட்டாள். சொன்னேன். அவள் பஞ்சை மடித்துக் குப்பையில் போட்டாள். பிறகு, "எங்க வீட்டுலயும் ஓதின தண்ணி தெளிப்பாங்க அக்கா. மிஷின் மேல தெளிக்கக்கூடாது, அவ்ளோதான்" என்றாள். மகள் அன்இன்ஸ்டால் செய்தது தப்பே இல்லை, திரும்பச் சொருகியதும் தானாக வந்திருக்கும், எண்ணெய்ப் பிசுக்குதான் வரவிடவில்லை என்றும் விளக்கினாள். "அவகிட்ட சொல்லிடுங்க" என்றாள். சரி என்றேன்.

சொல்லவில்லை. அதற்குள் நான் அண்ணியிடம் சொன்னது சபைக்கு எட்டியிருந்தது. போதகர் ஐயா அதைச் சாட்சியாகச் சொல்ல அன்போடுதான் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்றேன். நின்றுபோன கம்ப்யூட்டருக்கு எண்ணெய் பூசி ஜெபித்தேன், விளக்கு எரிந்தது, என் கணவர் முகத்தைப் பார்த்தேன் என்று சாட்சி சொன்னேன். எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள். மகள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் பூசியதாகச் சொன்னதும் பொய்யோடு பொய் என்றே அவள் நினைத்திருக்கிறாள்.

அந்தச் சாட்சி என்னைவிட்டுக் கிளம்பிப் போனது. இரண்டு வருஷம் கழித்துக் குடியாத்தம் பக்கம் ஒரு ஜெபக் கூட்டத்தில், பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மா என்னிடமே அதைச் சொன்னார்.

"ஆம்பூர்ல ஒரு சகோதரி. தெருவுலயே கரண்டு இல்லையாம். எண்ணெய் ஊத்தினதும் கம்ப்யூட்டரு தானா எழுந்திருச்சாம்! அந்தாளு மாஸ்க்கைக் கழட்டிட்டு மூணு பாட்டு பாடினாராம்."

"மூணு பாட்டா?" என்றேன்.

"பின்ன! நீ எந்த ஊரும்மா? உனக்குத் தெரியாதா இது?"

பாவம், என் வீட்டுக்காரருக்குப் பாடவே வராது.

மகள் பதினொன்றாவதில் கம்ப்யூட்டர் பிரிவு வேண்டாம் என்றாள். நன்றாகப் படிக்கிறவள், டீச்சர் சொல்லியும் கேட்கவில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரின் மேல் துணி போர்த்தினாள். போன மாதம் கல்லூரியில் வேலைக்கு விண்ணப்பம் போடச் சொன்னார்கள். பாபி, "கீழ கம்ப்யூட்டர் சும்மாதானே இருக்கு? அடாப்டரைச் சொருகிப் போடு" என்றாள். மகள் அந்தத் துணியைக்கூடத் தொடவில்லை. பாபி மேலே போன பிறகு சொன்னாள்: "நான் தொட மாட்டேம்மா. அன்னிக்கு நான் அதை அன்இன்ஸ்டால் பண்ணாம இருந்திருந்தா அப்பா நம்மளைப் பாத்திருப்பாரு. நீ என்னைத் திட்டவே இல்ல. நீ திட்டியிருந்தாகூட நல்லா இருந்திருக்கும்."

ஐந்து வருஷம். ஒரே வீட்டில், ஒரே பாயில்.

எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய் புட்டியைப் பைபிளுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் காட்டினேன். அவள் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"அப்போ நான் துடைச்சதாலதான் எரிஞ்சிச்சா?"

"ஆமாம்மா. நீதான் சரி பண்ண."

அப்பா இறந்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நியாயம்தான். மூன்றாம் நாள், "அத்தைகிட்டயும் சபையிலயும் சொல்லணும்மா. இல்லன்னா எனக்கு ஆறாது" என்றாள்.

அண்ணிக்குப் போன் செய்தேன். முழுக்கக் கேட்டார். பிறகு, "அப்போ பொண்ணைப் பாத்துக்கோன்னு அவன் சொல்லலையா?" என்றார்.

"சொல்லல அண்ணி."

"சொல்லியிருப்பான்" என்று போனை வைத்துவிட்டார். அதற்கப்புறம் கூப்பிடவில்லை.

போதகர் ஐயாவிடம் நேரில் போய் அறிக்கை செய்தேன். சபைக்கு வாசிக்க எழுதித் தரச் சொன்னார். அதுதான் இது. என் விசுவாசம் போகவில்லை. இப்போதும் எண்ணெய் பூசி ஜெபிக்கிறேன், மனுஷர் நெற்றியில். அன்று கர்த்தர் ஏன் தடுக்கவில்லை என்று கேட்பேன். பால் பையில் வந்த போனும் கர்த்தர் அனுப்பியதுதானோ, நான்தான் வேண்டாம் என்றேனோ என்று சில நாள் தோன்றும்.

வாசிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுதல். கரண்டு இல்லாமல் எழுந்த கம்ப்யூட்டரைப் பற்றி யாராவது உங்களிடம் சொன்னால், இதைக் கொடுங்கள். கொடுக்கும்போது ஒன்றையும் சேர்க்காதீர்கள். என்மேல் பரிதாபப்பட்டு எண்ணெயை விட்டுவிடாதீர்கள். நான் போனை வேண்டாம் என்றதையும் விடாதீர்கள். ஐந்து மணி ஏழு நிமிஷத்தை ஐந்து மணி ஆக்காதீர்கள். தன் துப்பட்டாவால் துடைத்து அந்த விளக்கை எரிய வைத்தது என் மகள். அதை எங்கே சொன்னாலும் அப்படியே சொல்லுங்கள்.