முழங்கை வரைக்கும் ஏறணும்

எங்க அண்ணனைப் பத்தி ரெண்டு பேச்சு உண்டு. பழைய பைக்ல கரண்ட் கோளாறு கண்டுபிடிக்க அவரை விட்டா ஆளே இல்லைங்கிறது ஒண்ணு. வாயைத் திறந்தா வசவுதாங்கிறது இன்னொண்ணு. ரெண்டும் நிஜம். அவர் பட்டறைக்கும் என் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கும் நடுவுல ஒரு சுவர், சுவர்ல ஒரு ஜன்னல். அது வழியா என் கடையிலேருந்து பிளக்கும் காயிலும் போகும், அங்கேருந்து வசவு வரும். பதினாலு வருஷம் இப்படித்தான் ஓடுச்சு.

வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா மத்த மெக்கானிக் எல்லாம் பிளக்கைக் கழட்டி இன்ஜின் மேல ஒட்டி வச்சுக் கிக்கரை உதைச்சுப் பொறி வருதான்னு பாப்பாங்க. அண்ணனுக்கு அது ஆகாது. "வெயில்ல கண்ணு ஏமாத்தும், கை ஏமாத்தாது"ம்பார். பிளக் வயரோட முனையை வலது கை விரலாலயே பிடிச்சுக்கிட்டு, வண்டிக்காரரை உதைக்கச் சொல்லுவார். ஷாக் விரலோட நின்னா, பிளக்குக்குக் கரண்ட் அனுப்புற காயில் செத்துப்போச்சு. மணிக்கட்டுக்கு வந்தா இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். முழங்கை வரைக்கும் ஏறினா காயில் நல்லா இருக்கு, கோளாறு வேற எங்கயோ. அவ்வளவுதான் அவர் படிப்பு. அந்தக் கை சொன்னதை நம்பி நாப்பது கிலோமீட்டர் தள்ளியிருந்து வண்டியை லாரியில ஏத்திக்கிட்டு வருவாங்க. காயிலைச் சோதிச்சுப் பாக்க நான் ஒரு மீட்டர் வாங்கிக் கொடுத்தேன். "பேப்பர் பறக்காம இருக்க மேல வைக்கலாம், நீயே வச்சுக்க"ன்னு ஜன்னல் வழியாத் திருப்பித் தள்ளிட்டார்.

போன வருஷம் மழை விட்டதும் காயில் நிறைய விக்க ஆரம்பிச்சுது. வாரத்துக்கு ஒண்ணு போனா பெரிசு, இப்ப மூணு போகுது. கடைக்காரி புத்தி, எனக்கு சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அவர் கழட்டி எறியிற பழைய காயில் எல்லாம் ஒரு தகர டப்பாவுல கிடக்கும். ஒரு மத்தியானம் கடையில ஈ ஓட்டிக்கிட்டு இருந்தப்ப, சும்மா ஒண்ணை எடுத்து மீட்டர்ல வச்சுப் பாத்தேன். நல்லா இருந்துச்சு. இன்னொண்ணை எடுத்தேன், அதுவும் நல்லா இருந்துச்சு. டப்பாவையே கவுத்துட்டேன். பதினோரு காயில்ல ஒன்பது பழுதே இல்லை.

கேக்கலாம்னு வாயெடுக்கிறதுக்குள்ள அவரே ஜன்னல்ல தலையை நீட்டிட்டார். "என்னம்மா விக்கிற நீ? புதுசே மணிக்கட்டைத் தாண்ட மாட்டேங்குது. காயில் கடையா, பொம்மைக் கடையா?" எனக்கும் மூக்குக்கு மேல கோவம் வந்துச்சு. "என் சரக்கு நல்ல சரக்கு. மீட்டர் வச்சுப் பாத்துட்டுப் பேசுங்க"ன்னேன். "போடி, நீயும் உன் மீட்டரும்"ன்னு ஜன்னலைச் சாத்திட்டார். ரெண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை.

மூணாம் நாள் டீ வந்துச்சு. அப்பத்தான் கொதிச்ச டீ, சில்வர் டம்ளர். நான் துணியைச் சுத்தியே பிடிக்க முடியாம கீழே வச்சேன். அவர் டம்ளரை முழுக் கையால பிடிச்சுக்கிட்டு, எவனோ ஒருத்தன் வண்டியோட பாயிண்ட்டைத் தேய்ச்சுக் கெடுத்துட்டான்னு அஞ்சு நிமிஷம் திட்டிக்கிட்டு இருந்தார். டம்ளரைக் கீழே வைக்கவே இல்லை. உள்ளங்கை சிவந்துபோச்சு. அவருக்கு ஆறு வருஷமா சர்க்கரை. மாத்திரை ஞாபகம் வந்தா போடுவார், வராட்டா இல்லை. காயில்ல ஒரு கோளாறும் இல்லை, அண்ணன் கைதான் செத்துக்கிட்டு இருக்குன்னு எனக்கு அங்கேயே புரிஞ்சுபோச்சு.

சொல்லியிருக்கணும். சொல்லல. என்னன்னு சொல்றது? இந்த மனுஷனுக்கு இருக்கிற ஒரே பெருமை அந்தக் கை. அது போச்சுன்னு சொன்னா ஆளே உக்காந்துடுவாரேன்னு பயம். நாளைக்குச் சொல்லலாம், அவர் நல்ல மூட்ல இருக்கும்போது சொல்லலாம்னு தள்ளிப்போட்டேன். அவர் என்னிக்கு நல்ல மூட்ல இருந்திருக்கார்? மாசம் ஓடுச்சு. சரி பண்ணிக் கொடுத்த வண்டியெல்லாம் திரும்பி வந்துச்சு. கூட்டம் கொறைஞ்சுது. "ஷாக்குக்கு வயசாயிடுச்சுப்பா"ன்னு தெருவுல பேசினாங்க. ஷாக்குங்கிறது அவருக்கு வச்ச பட்டப்பேரு. நான் காதுல வாங்காத மாதிரி காயிலை எடுத்துக் கொடுத்துக்கிட்டே இருந்தேன்.

அப்பத்தான் ரொட்டிக்காரர் மூணாவது தடவையா வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்தார். காலையில கடை கடையா ரொட்டி போடுற மனுஷன். வண்டி மூணு கிலோமீட்டர் நல்லா ஓடும், சூடானதும் நின்னுடும், ஆறினா மறுபடி ஓடும். அண்ணன் வயரைப் பிடிச்சார், அவர் உதைச்சார். "விரலோட நிக்குது. இந்தக் காயிலும் அவுட்"னார் அண்ணன். ரொட்டிக்காரருக்குப் பொறுக்கல. "ரெண்டு மாத்தியாச்சேண்ணே! கொடுங்க நான் பிடிக்கிறேன், நீங்க உதைங்க"ன்னு வயரைப் பிடுங்கிட்டார். அண்ணன் ஒரே உதை. "அய்யோ அம்மா!"ன்னு மனுஷன் தூக்கிப் போட்ட மாதிரி டயர் மேல போய் விழுந்தார். "முழங்கையா? தோள்பட்டை வரைக்கும் ஏறுதுண்ணே!"

எல்லாரும் சிரிச்சாங்க. அண்ணன் சிரிக்கல. கையை வேட்டியில துடைச்சுட்டு மறுபடி வயரைப் பிடிச்சார். "உதை"ன்னார். உதைச்சாங்க. "இன்னொரு தடவை." இப்படி எட்டு, பத்துத் தடவை. அப்புறம் விரலை ஒவ்வொண்ணா மடக்கி மடக்கிப் பாத்தார். நான் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். அப்பவாவது உள்ளே போய் "வாங்கண்ணா, டாக்டரைப் பாப்போம்"னு சொல்லியிருக்கலாம். கடைக்கு யாரோ செயின் கேட்டு வந்தாங்க, திரும்பிட்டேன்.

"சூடானாத்தானே நிக்குது, ஓடவிட்டே பாப்போம்"னு அண்ணன் வண்டியை ஸ்டாண்டுல நிறுத்தி ஸ்டார்ட் பண்ணிட்டு, வலது பக்கமாக் குந்தி உக்காந்து காதை வச்சுக் கேட்டுக்கிட்டு இருந்தார். ரொட்டிக்காரர் டீ குடிக்கப் போயிட்டார். கால்மணி நேரம் இருக்கும். ரப்பர் தீயிற நாத்தம் வந்துச்சு. "பாரு, வயர் தீயுது! எங்கயோ ஷார்ட் ஆகுது, அதான் வண்டி நிக்குது!"ன்னு அண்ணன் கத்துறார். குரல்ல எவ்வளவு சந்தோஷம்! கோளாறைப் பிடிச்சுட்டாராம். குந்தின இடத்தை விட்டு நகராம, டேங்குக்கு அடியில கையை விட்டு வயர் வயரா இழுத்து மோந்து பாக்குறார். ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன். புகை கீழேருந்து வருது. அவர் செருப்பு சைலன்சர்ல உருகி ஒட்டியிருக்கு. செருப்போட அவர் பாதமும்.

"அண்ணா, கால்! கால்!"

"இரும்மா, இந்தா, இங்கதான் எங்கயோ..."

ஓடிப்போய் ரெண்டு கையாலயும் காலைப் பிடுங்கி எடுத்தேன். தோல் சைலன்சர்லயே நின்னுபோச்சு. அண்ணன் குனிஞ்சு, அடுத்தவன் காலைப் பாக்குற மாதிரி பாத்தார். "வலிக்கவே இல்லையே"ன்னார்.

அந்த வண்டியில தீஞ்ச வயர் ஒண்ணுமே இல்லை. அப்புறம் ரொட்டிக்காரர் வண்டியை வேற மெக்கானிக்கிட்ட காட்டினார். கோளாறு கண்டென்சர்லயாம். கட்டைவிரல் நுனி அளவு சாமான், என் கடையில டப்பா நிறைய கிடக்குது.

ஆஸ்பத்திரியில பன்னெண்டு நாள் கட்டுக் கட்டினாங்க. புண் ஆறல, கறுத்துக்கிட்டே மேல ஏறுச்சு. முழங்காலுக்குக் கீழே எடுத்துடணும்னாங்க. அதுக்கு முந்தின நாள் அண்ணி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாங்க. டாக்டரம்மா அண்ணன் கையில ஊசி நுனியை வச்சு வச்சுப் பாத்துட்டு, "கை மரத்து எவ்வளவு நாளாச்சு?"ன்னு கேட்டாங்க. அண்ணன் முழிச்சார். "தெரியலைங்க, கவனிக்கல." நான் என்னையறியாம "எட்டு மாசம்"னேன். டாக்டரம்மா என் பக்கம் திரும்பினாங்க. "கைக்கு முன்னாடி கால்தாம்மா மரத்துப்போகும். அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா காலைப் பத்திரமாப் பாத்துக்கச் சொல்லியிருப்போமே."

அவங்க போனதும் அண்ணன் கேட்டார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ணா."

எட்டி அறைஞ்சிருக்கலாம், வாங்கிட்டு இருந்திருப்பேன். மறுநாள் அவர் காலை எடுத்தாங்க.

இப்ப வீட்டுல கட்டில்ல இருக்கார். பாக்க வர்றவங்ககிட்ட எல்லாம் அண்ணி என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்றாங்க. "என் நாத்தனாராலதான் இவர் உயிரோட இருக்கார். இவ மட்டும் அன்னைக்குப் பாக்கலைன்னா என்ன ஆகியிருக்கும்? கூடப் பொறந்தவள்னா இவளைப் போல இருக்கணும்." வந்தவங்க என்னைப் பாத்து ஆமா ஆமாங்கிறாங்க. அண்ணன் போர்வையைப் பாத்துக்கிட்டு இருக்கார். இன்னிக்கு வரைக்கும் அந்த எட்டு மாசத்தைப் பத்தி அவர் வாயிலேருந்து ஒரு வார்த்தை வரல. நானும் சொல்லல.