மூன்று கண் பெட்டியும் பாக்கியத்தின் மகளும்

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு மாலை. பள்ளிக்கூடம் விட்டு வந்து குடையைக்கூட மடக்கவில்லை. வாசலில் ஓர் அம்மா நிற்கிறார். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஹட்டனுக்கு பஸ் ஏறி வந்திருக்கிறார். பெயர் பாக்கியம். தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்.

"டீச்சரம்மா, கோயில்ல இருக்கிற பெரிய படப் பொட்டி ஒங்க பொறுப்புலதான் இருக்காம்ல? அதுல போட்டா எம் மக மொகம் எனக்குத் தெரியுமா?"

உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்து விசாரித்தேன்.

விஷயம் இதுதான். பாக்கியத்தின் மகள் சரோஜா கல்யாணமாகி, புருஷன் வீட்டாரோடு இந்தியாவுக்குப் போய்விட்டாள். பாக்கியத்துக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை, மருமகனுக்கு அந்த நாட்டுப் பிரஜாவுரிமை. மலையகத்தில் எத்தனை வீட்டில் இந்தக் கதை! அம்மா இங்கே, மகள் கோத்தகிரியில். இந்தியாவுக்குக் கப்பல் ஓடிய காலத்திலாவது ஒரு நம்பிக்கை இருந்தது. இப்போது அதுவும் நின்றுவிட்டது.

அந்தத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து, கோத்தகிரிக்கே போய்விட்ட ஒருவர், தன் மகள் கல்யாணத்தை வீடியோ எடுத்திருக்கிறார். அந்த கெசட் யார் யார் பெட்டியிலோ பயணம் பண்ணி, கொழும்பு வந்து, தோட்டத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டது. தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் வீட்டு டீவியில் போட்டுப் பார்த்தார்களாம். கல்யாணக் கூட்டத்தில் சரோஜா வருகிறாள். எல்லாரும் "இந்தா சரோஜா... இந்தா சரோஜா!" என்று கத்தியிருக்கிறார்கள்.

பாக்கியத்துக்குத் தெரியவில்லை. இரண்டு கண்ணிலும் புரை. டீவியோ சின்னது. அதில் முகம் விரல்நகம் அளவு.

"எல்லாருக்கும் தெரிஞ்சிச்சு டீச்சரம்மா. பெத்தவளுக்கு மட்டும் தெரியல." இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை.

எங்கள் மாதா கோயிலுக்கு வெளிநாட்டிலிருந்து நன்கொடையாக வந்த வீடியோ புரொஜெக்டரைப் பற்றி நான் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் இதுவரை எழுதியதில்லை. எழுதினால் கோபம் வரும். அது ஒரு பெட்டியா, யானைக்குட்டியா? நாலு பேர் சேர்ந்தால்தான் அசைகிறது. முன்பக்கம் மூன்று கண்... சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று, நீலம் ஒன்று. ஃபாதர் அதை என் தலையில் கட்டிவிட்டார். "நீங்கதான் டீச்சர், இங்கிலீஷ் படிச்சவங்க." இங்கிலீஷ் படித்தால் வயர் மாட்டத் தெரியுமா? எனக்கு ரேடியோவில் ஸ்டேஷன் மாற்றுவதற்கே இரண்டு மனசு. ஆனாலும் பாக்கியத்திடம் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஃபாதரிடம் கேட்டேன். "கொண்டு போங்க, பத்திரம்" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வேனில் பெட்டியை ஏற்றிக்கொண்டு போனோம்.

தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் கரண்ட் இல்லை. கரண்ட் உள்ள பெரிய இடம் தொழிற்சாலைதான். அதிலும் மேல்மாடி. பறித்த கொழுந்தைப் பரப்பி வாடவிடுகிற மாடி. சனிக்கிழமைக் கொழுந்து அரைத்து முடிந்து, மாடி காலியாகக் கிடந்தது. தோட்டத்து மேனேஜர் துரையிடம் பேசி டீமேக்கர் அனுமதி வாங்கி வைத்திருந்தார். ஜன்னலுக்கெல்லாம் சாக்கு கட்டி இருட்டாக்கி, இரண்டு வெள்ளை வேட்டியைச் சேர்த்துத் தைத்துத் திரையாக மாட்டியிருந்தார்கள். பலகையில் ஊறிப்போன பச்சைக் கொழுந்து வாசம். நீளமான, அரை இருட்டான, வாசமுள்ள அந்த மாடியில் நடந்தபோது யாரோ காணும் கனவுக்குள் நாம் நுழைந்துவிட்டோமோ என்றிருந்தது.

கூட்டம் வந்தது பாருங்கள்... பொட்டு, பூ, பட்டுச் சேலை! கல்யாணத்துக்கு வருகிற மாதிரி. மாதிரி என்ன, கல்யாணத்துக்குத்தான் வந்தார்கள்! கணக்கப்பிள்ளை வீட்டுக் கல்யாணம் நடந்து மாசக்கணக்கானாலும், இவர்களுக்கு அது இன்றைக்குத்தான். எல்லாரும் செருப்பை மாடிப்படிக்குக் கீழேயே விட்டுவிட்டு ஏறினார்கள்.

பாக்கியத்தை முன் வரிசையில் நடுவில் உட்கார்த்தினோம். வெளுத்த மெல்லிய நூல் சேலை. கையைக் கட்டிக்கொண்டு வெறும் வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வயரை மாட்டினேன். கெசட் ஓடுகிற டெக்கிலிருந்து வருகிற வயரைப் பெட்டியின் முதுகில் சொருக வேண்டும். முதுகில் எத்தனை ஓட்டை என்கிறீர்கள்! முதலில் மாட்டினேன், நாதஸ்வரம் மட்டும் வந்தது. மாற்றி மாட்டினேன். படம் வந்தது, நாதஸ்வரம் போனது. மூன்றாவது தடவை இரண்டும் வந்தன. ஆனால் மாப்பிள்ளை தலைகீழாகத் தொங்கினார். பெட்டியைக் கூரையில் மாட்டுகிறவர்களுக்கென்று ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள், அது எப்படியோ தட்டுப்பட்டுவிட்டது.

"தலகீழா நின்னாலும் மாப்புள்ள நல்லாத்தாங்க இருக்காரு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மாடியே சிரித்தது. பாக்கியம் சிரிக்கவில்லை.

நிமிர்த்தி வைத்தேன். அடுத்த வம்பு... படம் மங்கிக்கொண்டே போனது. வெளியே மூடுபனி, உள்ளே இத்தனை பேர் மூச்சு. கண்ணாடி வேர்த்துவிட்டது. துடைக்கத் துடைக்க வேர்த்தது. டீமேக்கர் யோசித்தார். "இருங்க டீச்சர்" என்று கீழே போய், கொழுந்தை வாட்டுகிற சுடுகாற்றை மெதுவாகத் திறந்துவிட்டார்.

வெதுவெதுப்பான காற்று வந்தது. கண்ணாடி தெளிந்தது. திரை மெல்ல உப்பித் தணிந்தது. அதில் இருந்த மணப்பெண்ணும் மூச்சு விட ஆரம்பித்தாள். கோத்தகிரிக் கல்யாண மண்டபம் எங்கள் மாடியில் அலை மாதிரி அசைந்துகொண்டிருந்தது. எனக்கே ஒரு நிமிஷம் எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது மறந்துபோனது.

தாலி கட்டுகிற நேரம். கெட்டிமேளம்!

அப்போதுதான் அது நடந்தது. பெண்கள் எல்லாரும் சேலை முடிச்சை அவிழ்த்து, மஞ்சள் அரிசியை அள்ளித் திரையைப் பார்த்து வீசினார்கள். வீட்டிலிருந்தே முடிந்துகொண்டு வந்திருக்கிறார்கள்! தாலி ஏறும்போது அட்சதை போடாமல் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது எப்படி? நம் பிள்ளை இல்லையா?

பெட்டி எங்கே இருந்தது? திரைக்கு முன்னால், தரையோடு தரையாக. அட்சதையில் பாதி திரைக்குப் போனது. மீதி பெட்டிக்குப் போனது. மேலே காற்று போக ஓட்டை வைத்திருக்கிறார்களே, அது வழியாக உள்ளேயும் போனது.

கடகடகட... உள்ளே இருந்த சின்ன ஃபேன் நின்றது. சூடு வாசனை அடித்தது. "ஐயோ!" என்று நான் சுவிட்சை அணைத்தேன்.

ஒரே இருட்டு. கூட்டத்தில் முணுமுணுப்பு. எனக்கு வந்த கோபத்தில் யாரையாவது நன்றாகத் திட்டியிருப்பேன். அதற்குள் முன் வரிசையிலிருந்து பாக்கியத்தின் குரல் கேட்டது. மெதுவாக, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி.

"எம் மக வர்ற நேரம் பாத்துத்தான் எல்லாம் நிக்கும்."

கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. சரோஜா வருவது தாலிக்குப் பிறகுதான். இத்தனை தூரம் வந்து, இந்த அம்மா மறுபடியும் பார்க்காமலே வீட்டுக்குப் போவதா? பெட்டி கெட்டால் ஃபாதரிடம் வாங்கிக்கட்டிக்கொள்கிறேன், போங்கள்!

சாக்கை விலக்கி வெளிச்சம் வரவிட்டோம். ஆண்கள் பெட்டியைத் தூக்கிச் சாய்த்துப் பிடித்தார்கள். நான் கொண்டை ஊசியால் ஒவ்வொரு அரிசியாகக் கிளறி எடுத்தேன். முடியவில்லை. பிறகு முறத்தில் புடைப்பது மாதிரி எல்லாரும் சேர்ந்து பெட்டியையே மெல்ல ஆட்டினார்கள். பொலபொலவென்று மஞ்சள் அரிசி கொட்டியது. வீசினவர்களே கீழே உட்கார்ந்து, பயபக்தியாகப் பொறுக்கினார்கள்.

மறுபடி இருட்டு. சுவிட்ச். ஃபேன் சுற்றியது! ஆனால் ஆட்டிய ஆட்டத்தில் மூன்று கண்ணும் மூன்று பக்கம் பார்த்தன. திரையில் சிவப்பாக ஒரு மணப்பெண், பச்சையாக ஒன்று, நீலமாக ஒன்று. மூன்று பேரும் ஒரே நேரத்தில் தலை குனிந்தார்கள்.

"மூணு பொண்ணு! ஒத்த மாப்புள்ள பாவம்ல!"

"அவரும் மூணு பேரு தாண்டி, நல்லாப் பாரு!"

திருகு ஒவ்வொன்றையும் மயிரிழை மயிரிழையாகத் திருகினேன். பச்சையை அசைக்கக் கூடாது. சிவப்பை அதன் மேல் கொண்டுவர வேண்டும், பிறகு நீலத்தை. சிவப்புப் பெண் நகர்ந்து வந்து பச்சைப் பெண்ணுக்குள் புகுந்தாள். நீலப் பெண் தயங்கித் தயங்கி வந்தாள். மூன்றும் சேர்ந்த இடத்தில் சட்டென்று சதை நிறம் வந்தது, பட்டு வந்தது, பூ வந்தது. ஒரு மனுஷரை முழுசாகப் பார்ப்பதற்கு இத்தனை வெளிச்சம் ஒரே இடத்தில் வந்து கூட வேண்டியிருக்கிறது. நாமோ பாதியைப் பார்த்துவிட்டு, தெரிந்துவிட்டது என்று எழுந்து போகிறோம்.

படம் ஓடியது. அட்சதை போட வரிசையாக வருகிறார்கள். டீமேக்கர் என் காதில், "இப்ப வரும் டீச்சர், நீலச் சேலை" என்றார்.

நீலச் சேலை வந்தது. அரிசியைத் தூவியது. கேமராப் பக்கம் திரும்பிச் சிரித்தது. படத்தை அப்படியே நிறுத்திவைக்கிற பாஸை நான் அழுத்தினேன்.

சரோஜா நின்றாள். முகம் பாய் அளவு இருந்தது. கன்னத்தின் குறுக்கே ஒரு கோடு மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. கூட்டம் ஒரே குரலில், "பாக்கியக்கா! இந்தா ஒங்க மக!"

பாக்கியம் கண்ணை இடுக்கினார். இந்தப் பக்கம் சாய்ந்தார், அந்தப் பக்கம் சாய்ந்தார். "ஏதோ மஞ்சளா தெரியுது..." என்றார். இன்னும் முகம் தெரியவில்லை. இதற்கு மேல் பெரிதாக்க இந்தப் பெட்டியால் முடியாது.

அவர் எழுந்தார். தடவித் தடவி நேரே திரைக்கு நடந்தார். வெளிச்சத்தை மறித்துவிட்டார். மூன்று கண் பெட்டியல்லவா, நிழலும் கலர் கலராக மூன்று விழுந்தது. மகளின் முகம் திரையை விட்டு, அம்மாவின் முதுகில் இறங்கியது. அவர் வேட்டியைத் தடவுகிறார். அங்கே நிழல்தான்.

"எங்கடி போயிட்ட?"

"ஒங்க மேலதான் இருக்கா அக்கா! இந்தப் பக்கமாத் திரும்புங்க!"

திரும்பினார். வெளிச்சம் கண்ணில் அடித்ததோ என்னவோ, முந்தானையை இரண்டு கையாலும் பிடித்து முகத்துக்கு முன்னால் விரித்தார். எதையோ ஏந்தி வாங்குகிற மாதிரி. மெல்லிய துணி. அதன் மேல் விழுந்த முகம், துணி தாண்டி அந்தப் பக்கமும் தெரிந்திருக்க வேண்டும். கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் மகள்.

பாக்கியம் அசையவில்லை. துணியை இன்னும் கிட்டே கொண்டுபோனார். நெற்றியைப் பார்த்தார், மூக்குத்தியைப் பார்த்தார்... துணிக்குப் பின்னால் அவர் தலை மெல்ல மெல்ல நகர்வது எங்களுக்குத் தெரிந்தது. மாடியில் பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். நானும்தான். இதில் வெட்கம் என்ன இருக்கிறது?

இந்த டெக்கில் பாஸை அழுத்தி ரொம்ப நேரம் விட்டால், டேப் தேய்ந்துபோகும் என்று அதுவாகவே நிறுத்திக்கொள்ளும். டக்கென்று நிறுத்தியது. வெறும் நீல வெளிச்சம். அதில் பாக்கியம் முந்தானையை இறக்காமல் நின்றார்.

"எளச்சுப் போயிட்டா டீச்சரம்மா," என்றார். "கையில கனமே தெரியல."

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு டேப்பைப் பின்னால் ஓட்டி, மறுபடி போட்டேன். பிறகு இன்னொரு தடவை. அப்புறம் எத்தனை தடவை என்று நினைவில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் திரைக்கு முன்னாலேயே நின்றார். பின்னால் இருந்தவர்களுக்குக் கல்யாணமும் தெரியவில்லை, மாப்பிள்ளையும் தெரியவில்லை.

அத்தனை கூட்டத்தில் ஒருவர்கூட, "மறைக்குது, உட்காருங்க" என்று குரல் கொடுக்கவில்லை.