உப்பு குறைந்த மாஸ்டர்

குடியை விட்டவனை ஊரே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதுவும் புதுச்சேரியில் நம்பவே நம்பாதீர்கள். சந்தேகமிருந்தால் உப்பளத்தில் ஒரு பாரில் சமையல் மாஸ்டராக இருக்கும் நெடுமாறனைக் கேட்டுப் பாருங்கள். பாவம், அவனிடம் கேட்கத்தான் ஆளில்லை.

நெடுமாறன் அரியாங்குப்பத்துக்காரன். கல்யாண வீடுகளில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவனுக்கு, இந்த பாரின் அடுப்படிக்கு வந்து தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. முதலாளி லூயி, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பிக் கடை வைத்தவர். சர்வர் முதல் காய்கறிக்காரர் வரை அவரை, பிரெஞ்சில் ஐயா என்பதுபோல, 'முசே' என்றுதான் கூப்பிடுவார்கள். நெடுமாறனின் மிளகுக் கோழிக்கும் இறா தொக்குக்கும் என்றே சனிக்கிழமைகளில் சென்னையிலிருந்து காரில் வந்து இறங்குகிறவர்கள் உண்டு.

அந்த பாரில் ஒரு வழக்கம். தட்டை வழித்துத் தின்றவன், "இத மாஸ்டருக்குக் குடு" என்று தன் பாட்டிலிலிருந்தே ஒரு கிளாஸ் ஊற்றி அடுப்படிக்கு அனுப்புவான். வேண்டாம் என்று திருப்பினால் அவனுக்கு முகம் சுண்டிப்போகும். அதனால் நெடுமாறன் திருப்பியதே இல்லை. ருசி கூடக் கூட கிளாஸும் கூடியது. தன் திறமைக்குக் கிடைத்த பரிசையே குடித்துக் கெட்டுப்போன ஒரே ஆள் அவனாகத்தான் இருப்பான்.

போகப் போகக் காலையில் கை நடுங்கியது. வெங்காயத்தோடு விரலையும் சேர்த்து நறுக்கினான். நண்டு கேட்டவனுக்கு நெத்திலி போனது. ஒரு நாள் எண்ணெயை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோக, தீ புகைக்கூண்டு வரைக்கும் எழும்பியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஈரச்சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தவனுக்கு அழுகை வந்துவிட்டது. இனியும் குடித்தால் நான் சமையல்காரனே இல்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தான். பெண்டாட்டி அழுதாள் என்று விடவில்லை. தனக்கொடி அழுது ஓய்ந்து வெகு காலமாகியிருந்தது. தொழிலுக்காகத்தான் விட்டான்.

விடுவது லேசாகவா இருந்தது? ஆஸ்பத்திரிக்குப் போனான், மாத்திரை விழுங்கினான், வியர்த்துக் கொட்டினான், யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தான். மெல்ல மெல்லக் கை நடுக்கம் நின்றது. தூக்கம் வந்தது. ஆர்டர்கள் கேட்ட வரிசையில் போயின. இனி பார் முழுக்க நம் பேச்சாகத்தான் இருக்கும் என்று நினைத்தான். அது மட்டும் நடந்தது.

"மாஸ்டர், கோழி சப்புன்னு இருக்காம்" என்று தட்டு திரும்பி வந்தது. அடுத்து இறா தொக்கு. நெடுமாறன் ருசி பார்த்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் உப்பும் காரமும் போட்டுப் பார்த்தான். அவன் வாயிலேயே வைக்க முடியவில்லை. தான் துப்புவதை எப்படி ஒருத்தனுக்குப் பரிமாறுவது?

கான்ட்ராக்டர் கோபிநாத், கடையின் பழைய வாடிக்கை, அடுப்படிக்கே வந்துவிட்டார்.

"இன்னா மாஸ்டர், உடம்பு கிடம்பு சரியில்லையா? கை போயிடுச்சே உனுக்கு!"

"உடம்பு நல்லாத்தான் சார் இருக்குது. குடிக்கிறத விட்டுட்டேன்."

"அதான பாத்தேன்!" என்று துக்கம் விசாரிக்கிற மாதிரி தோளைத் தட்டிவிட்டுப் போனார். நெடுமாறன் கரண்டியைச் சட்டியில் ஓங்கித் தட்டினான். நடுங்கிய கையைப் புகழ்ந்த வாய்கள், நடுங்காத கையைப் பார்த்துப் போய்விட்டது என்கின்றன!

அந்த வார ஞாயிற்றுக்கிழமை முசே லூயி ஒரு குவார்ட்டர் பாட்டிலைக் கொண்டுவந்து மசாலா டப்பாக்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மாஸ்டர், கோச்சிக்காத. நாளைக்கு உனுக்கு லீவு. செவ்வாக்கெழம வந்து, இதுல ஒரு கட்டிங் போட்டுட்டு சமை. பழைய கை தானா வந்துடும்."

"வேணாம் முசே. இத உட்டு நான் பட்ட பாடு எனுக்குத்தான் தெரியும்."

"எனுக்கு யாவாரம் தெரியும். முடியாதுன்னா சொல்லிடு, வேற ஆள் பாத்துக்குறேன்."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நெடுமாறன் தனக்குள்ளேயே திட்டிக்கொண்டு போனான். குடித்தால் வேலை கெடுகிறது என்று விட்டால், விட்டதால் வேலை போகும் என்கிறார்களே, இது எந்த ஊர் நியாயம்? ஆனால் உள்ளுக்குள் பயம்தான். நிஜமாகவே கை போய்விட்டதோ?

திங்கட்கிழமை வீட்டிலேயே இறா தொக்கு வைத்தான். வீட்டில் இருப்பவர்களும் சப்பென்று இருக்கிறது என்று சொல்லிவிட்டால், நாளைக்கு அந்த பாட்டிலைத் திறந்துவிட வேண்டியதுதான். அப்படித்தான் மனதுக்குள் முடிவு செய்துகொண்டு குளிக்கப் போனான்.

குடித்த காலத்திலும் லீவு நாளில் அவன்தான் சமைப்பான். ஆனால் வெளியே சுற்றிவிட்டு, போதையோடு வந்து, தனியே எடுத்து வைத்திருப்பதைத் தின்றுவிட்டுப் படுப்பான். குடியை விட்ட பிறகு இன்றைக்குத்தான் வீட்டில் சமைத்து, தனக்கொடியோடும் மகள் சிந்துஜாவோடும் சேர்ந்து உட்கார்ந்தான். அவர்கள் தட்டைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. கெட்டியாக இறக்கிய தொக்கு சோற்றில் ரசம்போல ஓடிக்கொண்டிருந்தது.

"தொக்குல யாருடி தண்ணி ஊத்துனது?"

தனக்கொடி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பழக்கத்துல ஊத்திட்டேங்க."

"இன்னா பழக்கம்?"

லாஸ்பேட்டையில் காலேஜ் படிக்கிற சிந்துஜாதான் பட்டென்று சொன்னாள். "நீங்க செஞ்சா உப்பு கரிக்கும்பா. உங்களுக்குத் தனியா எடுத்து வெச்சிட்டு, மிச்சத்துல அம்மா சுடுதண்ணி ஊத்தி கொதிக்க வைப்பாங்க. நான் சின்னப் புள்ளையா இருந்தப்பலேருந்து அப்படித்தான்."

நெடுமாறனுக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. "இத்தினி வருசமா ஒருத்தரும் சொல்லலியே! நானும் ஒரு மாஸ்டர்னு ஊரெல்லாம் நெஞ்ச நிமித்திக்கினு திரிஞ்சேன்!"

"சொன்னா கேக்குற நெலமையிலயா வீட்டுக்கு வந்தீங்க?" என்றாள் தனக்கொடி.

நெடுமாறன் தனக்கென்று தனியே வைத்திருந்த கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினான். தண்ணீர் படாத தொக்கு. அவள் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். பிறகு தன் தட்டில் இருந்ததை ஒதுக்கிவிட்டு, கிண்ணத்திலிருந்து அள்ளிப் போட்டுக்கொண்டாள். சிந்துஜாவும் தட்டை நீட்டினாள்.

நெடுமாறனுக்கு அப்போதுதான் உறைத்தது. கை எங்கும் போகவில்லை. செத்துக் கிடந்த நாக்குதான் பிழைத்து வந்திருக்கிறது. பாரில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கெல்லாம் இன்னும் அந்தச் செத்த நாக்கு. இவ்வளவு காலமும் ஒரு குடிகாரன் குடிகாரர்களுக்காகச் சமைத்து, அதற்குக் கைப்பக்குவம் என்று பேர் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை வழியில் கடையில் நின்று, மூடியில் ஓட்டை போட்ட சின்ன டப்பாக்களாக வாங்கினான். உப்பும் மிளகாய்த் தூளும் கலந்து நிரப்பி மேசைக்கு ஒன்று வைத்தான். குடிக்கிறவன் தன் உப்பைத் தானே போட்டுக்கொள்ளட்டும்.

"இன்னா மாஸ்டர் இது?" என்றார் முசே.

"அழகுக்கு முசே."

சாயங்காலம் கூட்டம் வந்தது. தட்டுகள் வழித்துத் துடைத்தாற்போலத் திரும்பின. டப்பாக்களும் காலியாகத் திரும்பின. கோபிநாத் அங்கிருந்தே, "மாஸ்டர், பழைய கை வந்துடுச்சு!" என்று கத்தி, ஒரு கிளாஸும் அனுப்பினார். நெடுமாறன் அதை அப்படியே தொட்டியில் ஊற்றினான்.

முசே லூயிக்கு முகமெல்லாம் பல். "நான் சொன்னேன்ல? ஒரு கட்டிங் போட்டதும் எப்படி வந்துச்சு பாத்தியா!"

நெடுமாறன் மசாலா டப்பாவுக்குப் பின்னாலிருந்து பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்தான். சீல் உடையவில்லை. அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப வேற கடையில போட்டுட்டு வந்திருக்க."

"ஐயோ முசே! ஊதிக் காட்டட்டுமா?" என்று அவர் மூக்குக்கு நேராக ஊதினான்.

முசே மோந்து பார்த்தார். யோசித்தார். "பூண்டு வாசனதான் வருது. நல்ல பிராண்டு போலருக்கு, கொஞ்சங்கூடக் காட்டிக் குடுக்கல" என்று மெச்சிக்கொண்டே கல்லாவுக்குப் போனார்.

நெடுமாறன் தலையில் அடித்துக்கொண்டான். பிறகு போனை எடுத்துத் தனக்கொடியைக் கூப்பிட்டான்.

"தொக்கு எடுத்தாறேன். தண்ணி கிண்ணி ஊத்திடாத" என்றான்.