மாடியிலிருந்து வந்த நம்பர்

அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரி வேலைக்காக எனக்கு வீடியோவில் இன்டர்வியூ. நாகர்கோவிலில் நர்ஸாக வேலை பார்த்துக்கொண்டே வெகுநாள் காத்திருந்து கிடைத்த வாய்ப்பு. எங்கள் வீடு திருவட்டாறு பக்கம், சுற்றிலும் ரப்பர் மரங்கள். வீட்டுக்குள் மொபைல் சிக்னல் கிடைக்காது. பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்த அன்று மதியம், கூடத்திலிருந்த வைஃபை பெட்டியை நம்பித்தான் லேப்டாப்பைத் திறந்தேன்.

வைஃபை முழுசாகக் காட்டியது. நெட் இல்லை. பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டேன். அதுவரை வேலை செய்த என் போனிலும் நெட் போய்விட்டது. கொஞ்சமாவது சிக்னல் கிடைக்கும் சமையலறைப் பின்வாசலில் நின்று, நாகர்கோவில் கடையிலிருந்த என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

"லேப்டாப்புல ஐ.பி. அட்ரஸ்னு இருக்கும். அதப் பாத்துச் சொல்லு," என்றார்.

உள்ளே ஓடிப் பார்த்துவிட்டு வந்து, புள்ளி வைத்துப் பிரித்திருந்த நாலு எண்களையும் சொன்னேன்.

"மூணாவது எண் பூஜ்யமா? நம்ம பெட்டி அங்க ஒண்ணுல்லா குடுக்கும். மாடியில எதாவது புதுசா மாட்டுனாங்களா?"

வெளியுலகுக்கு எங்கள் வீடு முழுவதற்கும் ஒரே அட்ரஸ்தான். உள்ளே ஒவ்வொரு போனுக்கும் லேப்டாப்புக்கும் தனி நம்பர் கொடுத்து, வெளியிலிருந்து வரும் பதிலை உரிய ஆளுக்குத் திருப்பிவிடுவது அந்தப் பெட்டி. நம்பர் கேட்டால் எது முந்திப் பதில் சொல்கிறதோ அதைத்தான் லேப்டாப் நம்பும். இன்னொரு பெட்டி முந்திக்கொண்டிருந்தது. அதன் வழியே வெளியே போக வழி கிடையாது.

மாடியில் இருப்பது வீட்டுக்காரரின் அண்ணன் குடும்பம்; அண்ணனுக்கு மஸ்கட்டில் வேலை. எங்கள் பெட்டியிலிருந்து ஒரு ஒயர் அவர்களுக்குப் போகிறது. துணி காயப்போடுகிற கயிற்றில் தொடங்கிய சண்டையில் அண்ணன் மனைவியும் நானும் ஒரு மாதமாகப் பேசவில்லை.

படியேறிக் கதவைத் தட்டினேன். திறந்த அண்ணன் மனைவியின் முகத்தில் கோபம்.

"அக்கா, புதுசா பெட்டி மாட்டினியளா?"

"நேத்து ராத்திரி. பழசு கெட்டுப் போச்சு, அவரு மஸ்கட்டுலேருந்து கொண்டு வந்தத மாட்டுனேன். அதுலயும் நெட் வரல்ல. நீதான் கீழ நிறுத்திப் போட்டேன்னு நெனச்சேன்."

எனக்குச் சுருக்கென்றது.

"இன்டர்வியூ தொடங்கியாச்சு அக்கா. அந்த ஒயர மட்டும் கழத்தணும்."

உள்ளே போய் அவரே பிடுங்கினார். "போ, ஓடு," என்றார்.

கீழே வந்து லேப்டாப்பை மறுபடி வைஃபையில் சேர்த்தேன். இந்த முறை சரியான நம்பர். திரையில் மூன்று முகங்கள் காத்திருந்தன. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். முதல் கேள்விக்கு என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாவதிலிருந்து சமாளித்தேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் மாடிக்குப் போய், அந்தப் பெட்டி நம்பர் கொடுப்பதை நிறுத்திவிட்டு ஒயரைத் திரும்ப மாட்டினார். நானும் கூடப் போயிருந்தேன்.

"கெடச்சா எப்பம் போணும்?" என்று அக்கா கேட்டார்.

"தெரியல்ல அக்கா."

"பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்," என்றார், என்னைப் பார்க்காமலே.

வேலை கிடைத்தது.