ஒயர் பிடுங்காத சோதனை

செலண்டார் தோட்டத்தில் பிறந்த சுரேனுக்கு, மலாக்கா டவுனில் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்தே தரையில் கால் பாவவில்லை. தொண்ணூற்றொன்பதில், தஞ்சோங் கிளிங் ஹோட்டல் ஒன்றுக்கு அறைப் பதிவு சிஸ்டம் செய்துகொடுக்கும் வேலை அவன் பொறுப்பில் வந்தது. ஹோட்டல்காரர் ஏற்றுக்கொண்டால் அவன் மேனேஜர். அதுவரை காத்திருக்கிற ஆளா அவன்? மேனேஜர் என்று முன்கூட்டியே கார்டு அடித்து, தங்கா பத்து ஊரிலிருக்கும் மாமியார் வீடு வரைக்கும் கொடுத்துவிட்டான்.

சிஸ்டத்தை ஓட்ட இரண்டு செர்வர் கம்ப்யூட்டர்கள். வாடிக்கையாளர் பாதிப் பதிவில் இருக்கும்போது ஒன்று படுத்துவிட்டால், மற்றது அவர் பெயரையும் கேட்ட அறையையும் மறக்காமல், விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். சுரேன் இதைச் சோதித்த அழகே தனி. முதல் செர்வரை முறைப்படி நிறுத்துவான். அது நிற்பதற்கு முன்னால் கைவசமிருந்ததையெல்லாம் மற்றதிடம் ஒப்படைத்துவிடும். உடனே 'பாஸ்' என்று எழுதிவிட்டு ரொட்டி சானாய் சாப்பிடக் கிளம்பிவிடுவான்.

கூட வேலை பார்த்த கோமளாவுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, ஓடிக்கிட்டு இருக்கறப்பவே ஒயர பிடுங்கிப் பாருங்க. சாவுற மெஷின் சொல்லிட்டா சாவும்?"

"நல்லா ஓடுற மெஷின எவன் பிடுங்குவான்லா? நீ ஒன் வேலயப் பாரு."

ஹோட்டலில் செய்து காட்டும் நாள் வந்தது. முதலாளி தனபாலன் தன் பெயரைத் தட்டி, கடல் தெரியும் அறை ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். எல்லாம் ஒழுங்காகப் போகவே சுரேனின் தலைக்கனம் இன்னும் ஏறியது. மேனேஜருக்குக் கோப்பி வர வேண்டாமா? "சூடா ஒரு கோப்பி போடுங்கலா" என்று அங்கே வேலை செய்த காளிதாஸை விரட்டினான். அவர் தண்ணீர் கொதிக்க வைக்கும் கரண்ட் கெட்டிலைக் கொண்டுவந்தார். காலி பிளக் எதுவும் இல்லை. கைக்கு எட்டிய ஒன்றைப் பிடுங்கிவிட்டுக் கெட்டிலைச் சொருகினார்.

பிடுங்கியது முதல் செர்வரின் ஒயரை. அது சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. தனபாலன் அடுத்த பொத்தானை அழுத்தினார். இரண்டாவது செர்வர் விழுந்தடித்துக்கொண்டு வந்து, அவரை முன்பின் பார்த்திராத மாதிரி பெயரைக் கேட்டது. அறையும் போயிற்று.

"இப்பதானே பேரு போட்டேன்?"

"திரும்ப... திரும்பப் போட்டுக்கலாம் ஐயா." சுரேன் கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினான். ஓரமாக நின்ற கோமளாவின் பக்கம் அவன் திரும்பவேயில்லை.

கோப்பி வந்தது. காளிதாஸ் கோப்பையை மேசையில் கிடந்த சுரேனின் மேனேஜர் கார்டின் மேலேயே வைத்துவிட்டுப் போனார். தனபாலன் கம்பெனிக்குப் போன் போட்டார்.

"இந்த ஆளு வேணாம். வேற ஆள அனுப்புங்க."

எந்த ஆள் என்று அங்கே கேட்டார்கள் போலிருக்கிறது. தனபாலன் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு சுரேனைப் பார்த்தார்.

"தம்பி, ஒங்க பேரு என்னா?"