ஆள் உயரப் புல்

போன சனிக்கிழமை திண்டுக்கல்லில் ஒரு விவசாயக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். வாசலிலேயே பெரிதாக ஒரு போட்டோ. அதிகாரி ஒருவர் இடுப்பில் கை வைத்துச் சிரிக்கிறார். அவர் தலைக்கு மேலே நெட்டையாக ஏதோ வளர்ந்து நிற்கிறது. கீழே கொட்டை எழுத்தில், ‘ஆள் உயரத் தீவனப் புல் — ஆடு வளர்ப்போருக்கு ஒரு வரம்!’

எனக்கு பிரஷர் இருக்கிறது. கோபமே படக் கூடாது என்கிறார் டாக்டர். இந்த ஊரில் இருந்துகொண்டா?

அந்தப் போட்டோ எடுத்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னோடு கண்காட்சிக்கு வந்திருந்த என் தங்கை மகள் பிலோமினாவும் அன்றைக்கு அங்கே இருந்தாள். கண்காட்சியில் அந்தப் போட்டோவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

தங்கை செல்வராணியை வேடசந்தூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை மைக்கேலுக்குக் கொஞ்சம் நிலம், ஒரு கிணறு, கொஞ்சம் செம்மறி ஆடு. கிணற்று மேட்டில் கொழுக்கட்டைப் புல் தானாகவே மண்டிக் கிடக்கும். முழங்கால் உயரம்தான்... ஆனால் மழை ஏமாற்றினாலும் வேர் சாகாது. ஆடு ஆசையாக மேயும். தாய்க்குப் பால் ஊறும், குட்டி தேறும். இந்த வருஷத்துக் கிடாக்குட்டிகளை அய்யலூர் சந்தையில் விற்று, ப்ளஸ் டூ முடித்த பிலோமினாவை நர்ஸ் ட்ரெயினிங்கில் சேர்ப்பதாக ஏற்பாடு.

அப்போதுதான் ஜீப் வந்தது. எந்த ஆபீஸ் ஜீப் என்று எழுதினால் நம் பத்திரிகை ஆசிரியருக்குத் தலைவலி. விட்டுவிடுவோம்.

கிணற்று மேட்டை உழுதுவிட்டு நேப்பியர் புல் போடச் சொன்னார்கள். நடுவதற்கான தண்டுத் துண்டு, அதாவது கரணையும் இலவசம். நல்ல புல்தான், அதை நான் குறை சொல்லவில்லை. கரணை நட வந்த களப்பணியாளர் தெளிவாகத்தான் சொன்னார். “இடுப்பளவு வந்ததும் அறுத்துடுங்க. முத்துனா தண்டுதான் மிஞ்சும், செம்மறி தொடாது. வெறும் புல்லும் பத்தாது, கூட வேலிமசால் தழையும் போடுங்க. அதுலதான் சத்து.”

பாருங்கள், யாருக்கும் தெரியாமல் இல்லை. தெரியாமல் நடந்திருந்தால் நான் இந்தப் பத்தியையே எழுதியிருக்க மாட்டேன்.

புல் இடுப்பளவு வந்தது. அரிவாளோடு போனாள் செல்வராணி. அதே சமயம் மறுபடியும் ஜீப். “அறுத்துறாதீங்க! பெரிய ஆபீசர் பார்வையிட வர்றாரு. போட்டோ எடுக்கணும்.”

ஆபீசர் வரவில்லை. அடுத்த வாரம் என்றார்கள். அப்புறம் யாரோ மந்திரி வருகை என்றார்கள். அப்புறம் ஜீப் ரிப்பேர். புல் மட்டும் யாருக்கும் காத்திருக்காமல் வளர்ந்துகொண்டே போனது. மார்பளவு... தலையளவு... அப்புறம் மூங்கில் கழி மாதிரி ஆகிவிட்டது.

பழைய புல்லை உழுதாயிற்று. புதிய புல்லைத் தொடக் கூடாது. ஆடு என்ன திங்கும்? காய்ந்த சோளத் தட்டையும் வேலியோரச் சருகும்தான். தாய்க்கு மடி வற்றிவிட்டது. குட்டிகளுக்கு விலா தெரிந்தது.

“மச்சான், சார்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுட்டுப் போயிருக்காரு. எப்புடி அறுக்குறது?” என்றார் மைக்கேல். எங்கள் பக்கத்து ஆட்களிடம் இதுதான் தொல்லை. பேன்ட் போட்டவன் கும்பிட்டுவிட்டால் போதும், சொந்த வீடு பட்டினி கிடந்தாலும் வாக்கு தவற மாட்டார்கள்.

குட்டிகளை அய்யலூருக்கு ஓட்டிப் போனோம். ஒரு வியாபாரி குட்டியின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டுச் செல்வராணியிடம் சொன்னார். “என்ன ஆத்தா, எலும்பை ஓட்டியாந்துருக்க? போய் இரை போட்டுக் கொண்டா.” வேறு யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அத்தனையும் திரும்பி வந்தன. ட்ரெயினிங்கில் சேரவேண்டிய தேதி தாண்டிப் போயிற்று.

அன்றைக்குச் சாயங்காலம் செல்வராணி யாரையும் கேட்கவில்லை. அரிவாளை எடுத்தாள். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். அறுத்ததில் ஆடுகள் நுனி இலையைக் கடித்துவிட்டுத் தண்டை அப்படியே போட்டன. பக்கத்து வீட்டு எருமைகூட முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஆனால் அறுத்த தூரில் இளசாகத் துளிர்த்தது பாருங்கள், அதை இடுப்பளவில் அறுத்து, வேலிமசாலும் கலந்து போட்டாள். குட்டிகள் இப்போது துள்ளுகின்றன. இதை முதலிலேயே செய்ய விட்டிருந்தால் என்ன கெட்டுப் போயிருக்கும்? குட்டி அப்புறம்கூடத் தேறும். ட்ரெயினிங் சீட்டு காத்திருக்குமா?

அதற்கப்புறம் வந்தார் பெரிய ஆபீசர்! கிணற்று மேட்டைப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது.

“என்னய்யா இது, ஆள் உயரம்னு ரிப்போர்ட் வந்துச்சு? புல் எங்க?”

செல்வராணி குட்டிகளைக் காட்டினாள். “அந்தா நிக்குதுல்ல சார், அதுக வயித்துல.”

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். பக்கத்துக் காட்டில் சோளம் கதிர் வாங்காமல் நெடுநெடுவென்று நின்றது. விறுவிறுவென்று போய் அதன் முன்னால் நின்றார். இடுப்பில் கை வைத்தார். சிரித்தார். ‘க்ளிக்!’

அந்தச் சோளம்தான் இன்றைக்குத் திண்டுக்கல்லில் தீவனப் புல்லாக நிற்கிறது. வருகிறவர்கள் வாயைப் பிளந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். புல் என்றால் அளவெடுக்க வேண்டியது ஆட்டின் முதுகையா, அதிகாரியின் தலையையா? இதைக்கூடவா ஒருவன் பத்தியில் எழுதிப் புரியவைக்க வேண்டும்?

பிலோமினா இப்போது வேடசந்தூரில் ஸ்பின்னிங் மில்லுக்குப் போகிறாள். அன்றைக்கு லீவு என்பதால் என்னோடு வந்தாள். அவள் தலைமுடியில் இன்னும் பஞ்சுத்தூள் ஒட்டியிருந்தது. போட்டோவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், கடைசியில் வாயைத் திறந்தாள்.

“மாமா, இதக் கிழிச்சு எடுத்துட்டு வாங்க. ஆட்டுக்குப் போடுவோம். நல்லாத் திங்கும்.”

கிழித்தேனா இல்லையா என்று மட்டும் கேட்காதீர்கள்... கண்காட்சி இன்னும் முடியவில்லை.